புது இடுப்பும் பழைய சைக்கிளும்

பெங்களூர் ரோட்டில் நாற்பத்தாறு வருஷம் சைக்கிள் ஓட்டியவன் நான். லாரிக்குத் தப்பியிருக்கிறேன், சிவப்பு பஸ்ஸுக்குத் தப்பியிருக்கிறேன், காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மாட்டுக்குத் தப்பியிருக்கிறேன். கடைசியில் நான் விழுந்தது மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணச் சத்திரத்தில், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில். தரையில் யாரோ ரசத்தைக் கொட்டியிருந்தார்கள். ரசத்தில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவன் என்று சொல்லிக்கொள்ள ரொம்ப நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கம் விட்டுப்போய்விட்டது. அறுபதைத் தாண்டி விழுந்துவிட்டு, இனி அவ்வளவுதான் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு அறுபத்தொன்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு பெரிய ஃபாக்டரியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆகி, ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன லேத் பட்டறையில் அரை நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரும்பைக் கடைந்து உருட்டாக்குவது என் தொழில். மீதி அரை நாள் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமையானால் ஆனேக்கல் வரை மிதித்துப் போய், தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மிதித்தே திரும்புவேன். நடக்கும்போது நானும் நாலு பேரில் ஒருத்தன். சைக்கிளில் ஏறினால்தான் நான் தனபால். இதைப் புரிந்துகொள்ளாதவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

விழுந்ததும் எழுந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. அது கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, வேறு யாருடைய காலோ என்பதுபோலக் கிடந்தது. என் மனைவி சரோஜா பெண்கள் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தவள், அந்தக் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார்மெண்ட்ஸில் இருபது வருஷம் காலர் தைத்தவள், ஊசி விரலில் ஏறினால்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த காலரை எடுக்கிறவள். அவளே முகத்தைத் திருப்பியதும்தான் எனக்குப் பயம் வந்தது.

சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் காலை இழுத்து நேராக்கிவிடலாம் என்றார். ஒருத்தர் நாட்டுக் கட்டு போடலாம் என்றார். கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். விழுந்தவனுக்கு முதலில் கிடைக்கிற மருந்து இந்தப் பழமொழிதான். நான் யானை இல்லை, ஆட்டோ கூப்பிடுங்கள் என்று கத்தினேன். கடைசியில் சமையல்காரர்களின் வேனில், பாத்திரங்களுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்திரத்து வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த என் சைக்கிளின் சாவி என் பாக்கெட்டிலேயே இருந்தது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே, தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்து, விட்டத்து டியூப் லைட்டை எண்ணிக்கொண்டு இரண்டு மணி நேரம். அசையாமல் இருந்தால் வலி இல்லை. இருமினால் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு எலும்பு டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கன்னடக்காரர், தமிழும் பேசுவார். நான் டர்னர் என்று கேள்விப்பட்டதும் அவருக்கும் சுலபமாகிவிட்டது, எனக்கும் சுலபமாகிவிட்டது. தொடை எலும்பின் மேல் நுனியில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்பு எலும்பில் இருக்கிற ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுற்றுகிறது. பந்துக்குக் கீழே ஒரு கழுத்து. எனக்கு முறிந்தது அந்தக் கழுத்து. பந்துக்கு ரத்தம் போவதே அந்தக் கழுத்து வழியாகத்தான் என்பதால், திருகாணி போட்டு ஒட்டவைத்தாலும் இந்த வயதில் பந்து செத்துப்போகலாம். அதனால் அதை எடுத்துவிட்டு, தண்டோடு சேர்ந்த ஒரு ஸ்டீல் பந்தைத் தொடை எலும்புக்குள் இறக்கவேண்டும். இவ்வளவுதான் விஷயம் என்றார்.

அந்தப் பந்தைப் பார்க்கவேண்டும் என்றேன். மறுநாள் காலை மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷம் மெஷின் ஷாப்பில் இருந்தவன் நான். அப்படி ஒரு பாலிஷை நான் பார்த்ததில்லை. என் மூக்கு அதில் தெரிந்தது. நகத்தால் தடவிப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. யாரோ ஒரு தொழிலாளி, என்னைத் தெரியாத எவனோ, என் இடுப்புக்காக இதைக் கடைந்து வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரோஜா வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், தலை விழித்திருக்கும். மார்புக்குக் குறுக்கே ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். துணிக்கு அந்தப் பக்கம் பட்டறை. ரம்பம் அறுத்தது, ராவினார்கள், சுத்தியலால் அடித்தார்கள். பயப்படவேண்டிய நேரத்தில், அடிக்கிற கை நல்ல கை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சுத்தியலை ரொம்ப ஓங்காமல், ஒரே அளவாக அடித்தார். ஓட்டைக்குள் தண்டு இறங்கும்வரை சத்தம் மொத்தையாக இருக்கும். முழுசாக உட்கார்ந்த அடியில் சத்தம் மாறிக் கணீரென்று வரும். அது எந்தப் பட்டறையிலும் அப்படித்தான். சத்தம் மாறியது. எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"உக்காந்திடுச்சு சார்," என்றேன்.

துணிக்கு அந்தப் பக்கம் எல்லாம் நின்றுபோயிற்று. பிறகு டாக்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆமாம், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்களும் நிறுத்துகிறோம் என்றார்.

அந்தச் சலுகையில், எடுத்த பழைய பந்தைக் காட்டச் சொன்னேன். துணிக்கு மேலே ஒரு சின்ன ஸ்டீல் தட்டை நீட்டினார்கள். இளநீர் வழுக்கை நிறத்தில், ஈரமாக, உருண்டையாக இருந்தது. இவர்கள் அதைக் காலிப்பர் வைத்து அளந்துதான் புது பந்தின் சைஸை எடுத்திருந்தார்கள். அறுபத்தொரு வருஷம் எண்ணெய் விடாமல், கிரீஸ் வைக்காமல், ஆனேக்கலுக்கும் அந்தப் பக்கமும் ஓடின பேரிங். நேற்று ஸ்டீலைப் பார்த்து அழுதவன், இப்போது தலையைத் தூக்கித் தூக்கி இதையே பார்த்தேன். இதைக் கடைந்த கை எது? அதற்கு முன்னால் அந்த ஸ்டீல் வெறும் நகல். கும்பிடத் தோன்றியது, கை இரண்டையும் கட்டி வைத்திருந்தார்கள்.

பிறகு பதினாறு நாள் வார்டில். இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வைத்துத்தான் தூங்கவேண்டும், ஆபரேஷன் செய்த கால் உள்பக்கம் மடிந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும் என்றார்கள். ஆஸ்பத்திரித் தலையணை தானே நழுவிக் கீழே போயிற்று. சரோஜா கார்மெண்ட்ஸிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்து, முக்கோணமாக ஒரு மெத்தை தைத்து, இரண்டு பக்கமும் பட்டி வைத்துவிட்டாள். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மூன்று படுக்கைக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். என் பழைய ஷாப் ஆட்கள் ரத்தம் கொடுத்ததோடு நிற்காமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாக ஓட்டை போட்டு, விளிம்பை ராவி வழுவழுப்பாக்கி வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். இனி கக்கூஸில் குந்தி உட்காரக் கூடாதல்லவா. அந்த நாற்காலியைப் பற்றி அவர்கள் அடித்த கிண்டலை இங்கே எழுத முடியாது.

குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகச் சைக்கிள் என்று கேட்டேன். டாக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே "பேட" என்றார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், இன்னும் இருபது வருஷம் இருக்கலாம், அதைவிடவா சைக்கிள் என்று கேட்டார். சரோஜா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்தபோது, சத்திரத்திலிருந்து அவள் தம்பி கொண்டுவந்த என் சைக்கிள், மாடிப்படிக்கு அடியில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே கிரிஜா என்று ஒரு பெண். ஹூப்ளிப் பக்கம், பெங்களூருக்கு வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கோ கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அவள் சொல்லிக்கொடுத்ததுதான் இன்றைக்கும் என் தொடையில் இருக்கிற பலம் எல்லாம். காலை மெதுவாகத் தூக்கு, நிறுத்து, இறக்கு. அவள் ஒன்று இரண்டு என்று கன்னடத்தில் எண்ணுவாள். அந்த அறையின் மூலையில் ஒரு சைக்கிள் இருந்தது. பின் சக்கரம் இல்லாமல் தரையில் பதித்தது, ஊருக்குப் போகாத சைக்கிள். முழங்கால்காரர்களுக்கு. போகும்போதும் வரும்போதும் அதன் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டுப் போவேன், கோயில் வாசல்படியைத் தொடுகிறவன் மாதிரி.

ஏழாவது வாரம் அது நடந்தது. என் முறை வரும்வரை, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கிரிஜா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பாட்டியம்மாவின் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். நான் எங்கேயோ நினைப்பில் இருந்தேன். திடீரென்று அவள் குரல் உரக்க வந்தது.

"ஹத்து!"

கன்னடம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹத்து என்றால் பத்து. ஹத்து என்றால் ஏறு என்றும் அர்த்தம். பெங்களூரில் பிறந்தவன் காதில் அந்த வார்த்தை முதலில் எண்ணாக விழாது. தினமும் பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்துவதாகத்தான் விழும். பெரியவனைப் பார்த்து மரியாதையாக "ஹத்தி" என்று சொல்லாமல் ஒரு சின்னப் பெண் "ஹத்து" என்கிறாளே என்று ஒரு நொடி எரிச்சல்கூட வந்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதானே. காது தனக்குப் பிடித்ததைத்தான் கேட்கும். ஏறிவிட்டேன்.

எப்படி ஏறினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பதினைந்து வயதிலிருந்து எப்படி ஏறினேனோ அப்படி. இடது காலை ஊன்றி, வலது காலைப் பின்னால் வீசி, சீட்டுக்கு மேலே ஒரு வட்டம். உட்கார்ந்து, பெடலை அரைச் சுற்று மிதித்தும்விட்டேன். கிரிஜா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"அங்கிள், யாரு ஹேளித்ரு?" என்றாள், ரொம்ப மெதுவாக. யார் சொன்னது என்று கேட்கிறாள்.

நீதானம்மா சொன்னாய் என்றேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு, பாட்டிக்கு எண்ணிக்கொண்டிருந்தேன் என்றாள். அவள் ஊர்க் கன்னடத்தில் "எண்ணிக்கொண்டிருந்தேன்" என்பதற்கு உள்ளேயும் ஒரு ஹத்து வரும். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. இரண்டு வார்டு பாய்கள் வந்து, என்னைக் கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவதுபோல இறக்கினார்கள்.

மறுபடியும் எக்ஸ்ரே. பந்து கிண்ணத்தை விட்டு வந்திருந்தால் திரும்பவும் மேஜை, திரும்பவும் கத்தி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடியும் டியூப் லைட்டை எண்ணிக்கொண்டு ஒரு மணி நேரம். கிரிஜா மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கு வேலை போய்விடும் என்று பயம். விஷயம் தெரிந்து சரோஜா ஷிஃப்டிலிருந்து பாதியில் ஓடிவந்தாள். நேரே அவளிடம் சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னா சொன்னா இன்னா, உங்களுக்கு ஏறணும்னு இருந்துச்சு, ஏறிட்டீங்க," என்றாள். "இன்னொரு தபா விழுந்தீங்கன்னா தூக்கறதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல."

இருபது வருஷம் காலர் தைத்த கண்கள் அவளுக்கு; என்னை அளந்துவிட்டாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் எலும்பெல்லாம் புகை மாதிரித் தெரிந்தது. நடுவில் அந்த ஸ்டீல் மட்டும் வெள்ளை வெளேரென்று. பந்து கிண்ணத்தில் நிலா மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். எப்படி ஏறினீர்கள், காட்டுங்கள் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைக் கொஞ்சமாகப் பின்னால் எடுத்து வெளிப்பக்கம் வீசிக் காட்டினேன்.

பந்து நழுவுவது காலை முன்னால் மடக்கி உள்ளே திருப்பினால்தான் என்றார் அவர். நான் பின்னால், வெளிப்பக்கமாகக் கொண்டுபோயிருக்கிறேன். சீட்டுக்கு முன்னால், கம்பியின் மேலாகக் காலைத் தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கே மேஜைதான். யோசித்து ஏறியிருந்தால் பயத்தில் அப்படித்தான் ஏறியிருப்பீர்கள், யோசிக்காததால் பிழைத்தீர்கள் என்றார். பிறகு, சரோஜாவைப் பார்க்காமல், ஆறு மாசம் போகட்டும், சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள், கால் ரொம்ப மடங்காது, அப்புறம் பார்க்கலாம் என்றார். கிரிஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் எனக்கு ஒன்பது வரைக்கும்தான் எண்ணுவாள். ஒன்பது முடிந்ததும் "இன்னொந்து" என்பாள், இன்னும் ஒன்று என்று.

ஆறு மாசம் முடிந்தது. சீட்டை உயர்த்தினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், டியூப் மாற்றினேன். ஒரு காலை வேளை சைக்கிளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்தேன். கால் எழும்பவில்லை. வலி ஒன்றும் கிடையாது, பலம் இருந்தது. எழும்பவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் ஏறினவனுக்குத் தெரிந்து ஏற முடியவில்லை. தினமும் கொண்டுவருவேன், பத்து நிமிஷம் நிற்பேன், திரும்ப மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைப்பேன். தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம், சைக்கிளை விற்கப் போகிறீர்களா என்று விசாரித்தார்கள். வெட்கம்கெட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை பேர் இத்தனை செய்து, ஸ்டீலும் சரியாக உட்கார்ந்து, கடைசியில் என் பயம் ஒன்றுதான் மிச்சம் நின்றது.

இருபதாவது நாள் போல சரோஜா வாசலுக்கு வந்தாள். அதுவரை நான் சைக்கிளை எடுத்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

"போறதுன்னா போங்க," என்றாள். "தெனமும் நீங்க இப்டி நிக்கறத பாக்கறது, விழறத பாக்கறத விடப் பயமா கீது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. எங்கள் தெரு ஒரு ஆட்டோ அகலம்தான். அவன் விடாமல் அடித்தான். பொறு என்று கையைக் காட்டினேன். மேலும் அடித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனுஷன் வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிஷத்தில் நிற்கும்போது ஹாரனா? திரும்பி அவன் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டே, அவனுக்கு வழிவிடுவதற்காகச் சைக்கிளைத் தள்ளினேன், இடது காலை பெடலில் வைத்தேன், ஏறிவிட்டேன்.

ஏறின பிறகுதான் தெரிந்தது ஏறியிருக்கிறேன் என்று. ஆட்டோ பின்னாலேயே வந்ததால் நிற்கவும் முடியவில்லை. மிதித்தேன். வலது கால் இறங்கியது, ஏறியது. ஒரு சத்தம் இல்லை, ஒரு பிசகு இல்லை. காற்று சட்டைக்குள் புகுந்தது. இரண்டு சக்கரத்தின் மேல் நின்றால் விழுகிறவன் ஓடினால் விழுவதில்லை. இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. என் எலும்பு பாதி, யாரோ கடைந்த ஸ்டீல் பாதி, எவரெவருடையதோ ரத்தம், எல்லாம் சேர்ந்து ஒரே ஆளாக ரயில் பாதை வரைக்கும் போயின. அங்கே ஆட்டோ என்னைத் தாண்டிப் போனது. அந்தக் கடன்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவன் பைத்தியம் என்று நினைத்திருப்பான். அகலமான இடமாகப் பார்த்து வட்டம் அடித்துத் திரும்பினேன்.

சரோஜா வாசலில் அதே இடத்தில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் பிரேக்கைப் பிடித்து, காலைப் பின்னால் வீசி இறங்கி, ஸ்டாண்டு போடும்வரை கையை எடுக்கவில்லை. வந்துவிட்டேன் என்றேன். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"நான் பாக்கவே இல்லங்க," என்றாள். "கண்ண மூடிக்கினேன். இன்னொரு தபா போய்ட்டு வாங்க, பாக்கறேன்."

மூச்சு வாங்கியது. ஸ்டாண்டை எடுத்தேன்.